கிறிஸ்துமஸில் யார் பறப்பது? அமெரிக்க விமானப் பணியாளர்களின் மாதாந்தர ‘பிட்’

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் விமானிகளுக்கும் கேபின் பணியாளர்களுக்கும் அடுத்த மாத வேலையை மேலாளர் ஒதுக்கித் தருவதில்லை. எந்தெந்த நாள் பறப்பது, எந்த ஊரில் இரவு தங்குவது, எந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது என்று ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். பணிமூப்பு வரிசையில் மேலே இருப்பவருக்கு முதலில், கீழே இருப்பவருக்குக் கடைசியில் என அவை நிறைவேற்றப்படுகின்றன. இந்த விண்ணப்பத்துக்குத் துறையில் ‘பிட்’ என்று பெயர். ஏலத்தின் சாயல் இருந்தாலும் இதில் பணத்துக்கு இடமில்லை. வேலையில் சேர்ந்த தேதி ஒன்றுதான் செல்லும்.

இந்த வழக்கத்தின் வேர் ரயில்வேயில் இருக்கிறது. அமெரிக்க ரயில் ஊழியர்கள் தாங்கள் ஓட்டும் தடங்களைப் பணிமூப்புப்படி தேர்ந்தெடுத்துவந்தார்கள். 1926இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்றும் அமெரிக்க விமானத் தொழிற்சங்கங்கள் அந்த ரயில்வே சட்டத்தின் கீழ்தான் ஒப்பந்தம் போடுகின்றன. அந்த நீட்டிப்புக்கு முன்பே, 1931இல், ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் என்ற விமானிகள் சங்கம் உருவாகிவிட்டது. 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியத்தின் 83ஆம் எண் தீர்ப்பு, விமானி ஒருவர் மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. எவ்வளவு பறப்பது என்ற கேள்விக்கு இப்படி விடை கிடைத்த பிறகு, எதைப் பறப்பது என்ற கேள்வி மிஞ்சியது. மேலதிகாரியின் தயவில் நல்ல தடம் கிடைக்கும் நிலையைச் சங்கங்கள் வெறுத்தன. திறமையை அளக்கும் உரிமையை நிர்வாகத்திடம் விட்டால் அது சிபாரிசில் போய் முடியும். தேதியில் சிபாரிசு செல்லாது. பணிமூப்பை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஒரு எண்ணின் ஆட்சி

வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பணிமூப்பு எண் தரப்படுகிறது. ஒரே பயிற்சி வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முந்திய எண் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். மேலே இருப்பவர் ஓய்வு பெறும்போதும் விலகும்போதும் கீழே இருப்பவர்கள் ஒவ்வொரு படி ஏறுகிறார்கள். ஏறுவதற்கு வேறு வழி கிடையாது. விமானிகளின் கட்டாய ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக உயர்த்திய சட்டம் 2007 டிசம்பரில் வந்தபோது, மூத்தவர்களுக்கு ஐந்து ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. இளையவர்களின் வரிசையோ பல ஆண்டுகளுக்கு நகராமல் நின்றது.

இந்த எண்ணை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது. 25 ஆண்டு கேப்டனாக இருந்தவரானாலும் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் அங்கே கடைசி ஆள். சம்பளம், விடுப்பு, விமான வகை, பணித்தளமாகிய ‘பேஸ்’ ஆகிய அனைத்தும் இதே எண்ணில் தொங்குவதால், நடுவயதைத் தாண்டிய விமானிகள் நிறுவனம் மாறுவது அபூர்வம். ஊழியரை வெளியேறாமல் கட்டிவைக்கும் கயிறாகவும் இது நிறுவனத்துக்கு உதவுகிறது. சங்கம் கேட்டு வாங்கிய உரிமை நிர்வாகத்துக்கும் வசதியாகிப்போனது.

மாதாந்தர பிட்டில் ஒருவர் போட்டியிடுவது நிறுவனம் முழுவதோடும் அல்ல. அவருடைய பேஸில், அவர் ஓட்டும் விமான வகையில், அதே இருக்கையில் இருப்பவர்களோடு மட்டும்தான். அதனால் ஒரு விசித்திரமான கணக்கு உருவாகிறது. துணை விமானிகளின் பட்டியலில் உச்சியில் இருப்பவர் கேப்டனாகப் பதவி உயர்ந்தால், கேப்டன்களின் பட்டியலில் அடியில் போய் விழுவார். கையில் காசு கூடும், கையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். வேண்டுமென்றே பல ஆண்டுகள் துணை விமானியாகவே இருந்துவிடுபவர்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் உண்டு.

பணிமூப்பு ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு பெட்டி நாஷ் நல்ல சான்று. 1957இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் கேபின் பணியாளராகச் சேர்ந்தவர். நிறுவனங்கள் கைமாறி, கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் இருந்தார். உலகிலேயே நெடுங்காலம் பணியாற்றிய கேபின் பணியாளர் என்று கின்னஸ் பதிவு செய்த இவர், உச்சத்திலிருந்த எண்ணைக் கொண்டு பாரிஸையோ ரோமையோ தேடிப் போகவில்லை. வாஷிங்டனுக்கும் பாஸ்டனுக்கும் இடையே போய்வரும் குறுந்தடத்தையே கேட்டு வாங்கினார். டவுன் சின்ட்ரோம் உள்ள மகனைக் கவனிக்க ஒவ்வோர் இரவும் வீடு திரும்ப வேண்டியிருந்தது. 2024இல் தம் 88ஆம் வயதில் இறந்தபோதும் பணியிலிருந்து அவர் முறையாக ஓய்வு பெற்றிருக்கவில்லை.

இவ்வளவும் ஒரே எண்ணில் அடங்கியிருப்பதால், நிறுவனங்கள் இணையும்போது இரு பட்டியல்களை ஒன்றாக்குவது போராகவே மாறும். 2001இல் டிடபிள்யூஏ நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது, அதன் கேபின் பணியாளர்கள் எத்தனை ஆண்டு சேவை உள்ளவர்களானாலும் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் முதலில் வெளியேறியவர்களும் அவர்களே. இணைப்பின்போது பட்டியல்கள் நியாயமாகச் சேர்க்கப்பட வேண்டும் என்று 2007இல் வந்த மெக்காஸ்கில்–பாண்ட் சட்டத் திருத்தத்துக்கு இந்த விவகாரமே காரணம். அதே 2007இல், யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் விமானிகளின் பட்டியல்களை இணைத்து நடுவர் ஜார்ஜ் நிக்கோலா தீர்ப்பளித்தார். எண்ணிக்கையில் கூடுதலாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் தரப்பினர் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு தங்கள் சங்கத்தையே வாக்களித்து வெளியேற்றிவிட்டுப் புதிய சங்கம் தொடங்கினார்கள். ஒரே நிறுவனப் பெயரில் பறந்த இரு தரப்பினரும் தனித்தனிப் பட்டியல்களில் பிட் செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கனுடன் மீண்டும் ஓர் இணைப்பு நடந்து, 2016இல் இன்னொரு நடுவர் குழு தீர்ப்புச் சொன்ன பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

பறப்புகளைக் கோத்தல்

பணியாளர் கேட்பது தனித்தனி விமானங்களை அல்ல. பேஸிலிருந்து கிளம்பி, சில பறப்புகளும் சில இரவுத் தங்கல்களும் முடித்து, அதே பேஸுக்குத் திரும்பும் ஒரு கோவையைக் கேட்கிறார். இதற்குப் ‘பேரிங்’ என்றும் ‘டிரிப்’ என்றும் பெயர். டாலஸில் கிளம்பி பீனிக்ஸ் வழியாக சியாட்டிலில் முதல் இரவு, மறுநாள் சிகாகோ தொட்டு பாஸ்டனில் இரண்டாம் இரவு, மூன்றாம் நாள் மதியம் டாலஸ் என்பது மூன்று நாள் டிரிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஒரு மாதத்தின் ஆயிரக்கணக்கான பறப்புகளில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கோவையில், ஒரே ஒரு கோவையில் இடம்பெற வேண்டும். சட்டம் அனுமதிக்கும் கோவைகள் பல கோடியைத் தாண்டும் என்பதால் எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்பது நடவாத காரியம். செலவைக் குறைக்கக்கூடியவை எவை என்று கணித்து, அவற்றை மட்டும் படிப்படியாக உருவாக்கிச் சேர்க்கும் கணித முறையைக் கணினிகள் பயன்படுத்துகின்றன. விமான நிறுவனச் செலவில் எரிபொருளுக்கு இணையாக நிற்பது பணியாளர் செலவு. கோவையில் ஒரு சதவீதம் மிச்சப்பட்டாலும் தொகை பெரிது.

கோவைக்கு எல்லை போடுவது சட்டமும் ஒப்பந்தமும். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பைப் பற்றி அந்த விபத்தின் விசாரணை எழுப்பிய கேள்விகளுக்குப் பிறகு, 2014 ஜனவரி முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு வரும் நேரத்தையும் பறப்புகளின் எண்ணிக்கையையும் பொறுத்து, வழக்கமான இரு விமானிப் பணிநேரம் 9 முதல் 14 மணி வரை இருக்கலாம். அடுத்த பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும், அதற்குள் இடையூறில்லாமல் 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பும் வேண்டும். ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க முடியாது. சரக்கு விமானங்கள் மட்டும் இந்த விதிகளிலிருந்து விலக்கப்பட்டன. சரக்கு ஓட்டும் விமானிக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்பதற்கு எந்த அறிவியலும் கிடையாது.

ஒப்பந்தங்கள் வேறொரு பக்கத்திலிருந்து இறுக்குகின்றன. பொதுவாக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நின்று ஓயும் வரைதான் மணிக்கணக்கு ஓடும் என்பதால், விமான நிலையத்தில் காத்துக்கிடக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. இதைச் சரிக்கட்ட, பேஸை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மூன்றரை மணி நேரத்துக்கும் குறைந்தது ஒரு மணி நேர ஊதியம் என்பதுபோன்ற விதிகளை விமானிகள் சங்கங்கள் சேர்த்திருக்கின்றன. 70 மணி நேரம் வெளியே வைத்திருக்கும் டிரிப்பில் 14 மணி நேரம்தான் பறந்தாலும் 20 மணி நேரத்துக்குப் பணம் தர வேண்டும். எனவே டிரிப்பைப் பார்க்கும் அனுபவசாலியின் கண் ஊர்ப்பெயர்களுக்கு முன் ஊதிய மணிக்குப் போகும். குறைந்த நாளில் நிறைய மணி கிடைக்கும் டிரிப்புகள் மூத்தவர்களிடமே போய்ச் சேரும்.

லைனும் அதன் ஓட்டைகளும்

பழைய முறை எளிமையானது. நிறுவனமே டிரிப்புகளைச் சேர்த்து முழு மாத அட்டவணைகளைத் தயாரித்து வெளியிடும். ஒவ்வோர் அட்டவணையும் ஒரு ‘லைன்’. முந்தைய மாதத்தின் நடுப்பகுதியில் லைன்களின் தொகுப்பு வரும். சில நாட்களுக்குள் அவற்றைத் தரவரிசைப்படுத்தித் தர வேண்டும். பேஸில் முதல் ஆள் ஒரே ஒரு லைனைக் குறித்தால் போதும். 37ஆவது ஆள் குறைந்தது 37 லைன்களைக் குறிக்க வேண்டும், ஏனென்றால் முன்னால் இருக்கும் 36 பேரும் அவருக்குப் பிடித்ததையே எடுத்துவிடக்கூடும்.

மாதம் என்பதும் நாட்காட்டி மாதம் அல்ல. பல நிறுவனங்களில் பிப்ரவரி, ஜனவரி 31 தொடங்கி மார்ச் 1 வரை நீளும். 28 நாளில் முழு மாத வேலையை அடைக்க முடியாததால் இரு பக்கமும் ஒவ்வொரு நாளைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

லைன் முறையில் கைதேர்ந்தவர்களுக்கு ஓட்டைகள் அத்துப்படி. மாதக் கடைசியில் தொடங்கும் ஒரு டிரிப் அடுத்த மாதத்தின் முதல் டிரிப்போடு மோதினால், ஒன்றை நிறுவனம் விலக்கியாக வேண்டும். ஒப்பந்தத்தைப் பொறுத்து, விலக்கிய டிரிப்புக்கும் ஊதியம் உண்டு. விடுப்பின் முதல் நாளை ஒரு நான்கு நாள் டிரிப் தொட்டாலும் முழு டிரிப்பும் கழன்றுவிடும். ஆகவே மோதல் வரும்படி பார்த்துப் பார்த்து பிட் செய்வது ஒரு கலையாகவே வளர்ந்தது. ஒரு வார விடுப்பை இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டியவர்கள் உண்டு. விலகிய டிரிப்புகளைப் பறக்க வேறு ஆள் தேட வேண்டியிருந்ததால், நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆட்களை வைத்திருந்தன.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வந்த திவால்கள் இந்தக் கலையை முடித்துவைத்தன. யுனைடெட் 2002இலும், டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005இல் ஒரே நாளிலும், அமெரிக்கன் 2011இலும் திவால் பாதுகாப்புக் கோரின. ஊதிய வெட்டு, ஓய்வூதிய இழப்பு ஆகியவற்றோடு பெரிய நிறுவனங்களின் விமானிகள் இந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்ட இன்னொன்று, கணினிவழி விருப்பப் பதிவு முறை. பிபிஎஸ் என்று அழைக்கப்படும் இதில் முன்கூட்டித் தயாரித்த லைன்கள் இல்லை. டிரிப்புகள் மட்டுமே வெளியிடப்படும். ஒவ்வொருவரும் எழுதித் தரும் விருப்பங்களைக் கொண்டு அவருக்கென ஒரு மாதத்தைக் கணினி கட்டும். விடுப்பும் பயிற்சியும் முந்தைய மாத மிச்சமும் முதலிலேயே கணக்கில் வந்துவிடுவதால் மோதலுக்கு வழியில்லை. சவுத்வெஸ்ட் விமானிகள் பழைய லைன் முறையைக் கைவிடாமல் வைத்திருப்பதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

பிபிஎஸ்ஸில் வேண்டுவதைக் கேட்பது சுலபம், வேண்டுவதைப் பெறுவது அப்படியல்ல. ‘வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுப்பு, காலை 9 மணிக்கு முன் தொடங்கும் டிரிப் வேண்டாம், போர்ட்லாந்தில் தங்கும் டிரிப்புகளுக்கு முதலிடம், இரவு முழுக்கப் பறப்பவை கூடாது’ என்று ஒருவர் வரிசையாக எழுதுகிறார். அந்த வரிசையே அவருடைய முன்னுரிமை. இவற்றை வைத்து அந்த மாதத்துக்குரிய குறைந்தபட்ச மணிகள் நிரம்பாவிட்டால், பொதுவாகப் பட்டியலின் அடியிலிருந்து விருப்பங்கள் ஒவ்வொன்றாக உதிரும். இளையவர் ஒருவர் எல்லா வார இறுதிகளையும் மேலே போட்டால், அது கிடைக்காமல் போவதோடு, கீழே எழுதிய நியாயமான கோரிக்கைகளும் சேர்ந்து உதிர்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்கவே சங்கங்கள் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. கணவனும் மனைவியும் ஒரே பேஸில் இருந்தால் இருவருக்கும் ஒரே மாதம் அமையும்படி சேர்ந்து பிட் செய்யும் வசதி சில இடங்களில் உண்டு. ஆனால் இருவரில் இளையவரின் எண்ணே இருவருக்கும் பொருந்தும்.

கணினி செய்ய வேண்டிய கடினமான வேலை வேறொன்று. ஏர் கனடாவின் முறையை விவரித்து 1998இல் கமாஷ், சூமிஸ் உள்ளிட்ட மான்ட்ரியால் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அதைத் தெளிவாக்கியது. முதல் ஆளுக்கு மிகச் சிறந்த அட்டவணையைத் தருவதற்கு முன், மிச்சமிருக்கும் டிரிப்புகளை மிச்சமிருப்பவர்களால் விதிமீறாமல் பறந்து முடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும் என்றால் மட்டுமே அவர் கேட்டது உறுதியாகும். பிறகு இரண்டாம் ஆள். கடைசி ஆள் வரை இதே சோதனை. நன்றியறிதல் நாளிலும் கிறிஸ்துமஸிலும் எல்லோரும் விடுப்புக் கேட்கும்போது இந்தச் சோதனை மூத்தவர்கள் பக்கமும் பாயும். கீழே ஆள் போதாத நாளில், பட்டியலின் மேற்பகுதியில் இருப்பவருக்கும் கேட்காத டிரிப் வந்து விழும். தமக்குக் கிடைக்காதது தம்மைவிட இளையவருக்குப் போனதாகத் தெரிந்தால் சங்கத்துக்குப் புகார் போகும். அதனால்தான் ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் சொல்லும் அறிக்கையையும் மென்பொருள் வெளியிடுகிறது. மான்ட்ரியாலில் வளர்ந்த இத்தகைய மென்பொருள் நிறுவனமான ஆட் ஆப்ட்டை 2019இல் வாங்கியது திருவனந்தபுரத்தில் பிறந்த ஐபிஎஸ் சாஃப்ட்வேர்.

அடியில் இருப்பவர்கள்

பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு டிரிப்பே கிடையாது. அவர்கள் ‘ரிசர்வ்’. குறிப்பிட்ட நாட்களில் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால், புயலில் ஒரு குழு வேறு ஊரில் மாட்டிக்கொண்டால், தொலைபேசி ஒலிக்கும். சில பணிகளுக்கு அரை நாள் அவகாசம் உண்டு. சிலவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பறந்தாலும் பறக்காவிட்டாலும் குறைந்தபட்ச மணிகளுக்குச் சம்பளம் உண்டு. வீடு வேறு ஊரில் இருந்தால் இந்த அவகாசத்தில் வந்துசேர முடியாது. எனவே பேஸுக்கு அருகே ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களைப் போட்டு, பலர் வாடகையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதிக்கு விமானப் பணியாளர்கள் நிறைந்ததால் ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே பட்டப்பெயர். புதியவர்களின் சம்பளமும் குறைவு, மாதமும் கைவசம் இல்லை. இந்த முறையில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாலும், அதன் விலையை முழுதாகச் செலுத்துபவர்கள் இவர்களே. மொழி தெரிந்தால் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: டெல்லி விமானத்துக்கு இந்தி பேசுபவர் தேவைப்பட்டால், அந்த இடம் மொழித் தகுதி உள்ளவர்களுக்கென ஒதுக்கப்படும்.

முடிவுகள் வெளியான பிறகு சந்தை திறக்கிறது. கிடைத்ததைக் கைவிடுவது, மாற்றிக்கொள்வது, யாருக்கும் போகாத டிரிப்புகளை அள்ளுவது என மாத இறுதி வரை பரிமாற்றம் ஓடும். கைவிட அனுமதிக்கும் முன், அந்த நாளில் போதுமான ரிசர்வ் ஆட்கள் இருக்கிறார்களா என்று கணினி பார்க்கும். 2017 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் இந்தச் சரிபார்ப்பு தவறிவிட்டது. போதிய ஆள் இருப்பதாகக் கணினி காட்ட, விமானிகள் கிறிஸ்துமஸ் வார டிரிப்புகளைத் தாராளமாகக் கைவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பறப்புகள் விமானி இல்லாமல் நின்றன. ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக நிறுவனம் அறிவித்தது; தங்களைக் கேட்காமல் அறிவித்ததாக விமானிகள் சங்கம் சண்டைக்கு வந்தது. 2022 ஜூலையில் அதே நிறுவனத்தில் அதே வகைக் கோளாறு மீண்டும் வந்தபோது சங்கத்தோடு பேசி இரட்டை ஊதியம் தரப்பட்டது.

அதே 2022 டிசம்பரில் சவுத்வெஸ்டில் நேர்ந்தது இன்னும் பெரிது. குளிர்காலப் புயலில் குழுக்கள் சிதறிய பின், யார் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையே நிறுவனத்தால் தொகுக்க முடியவில்லை. மாற்று அட்டவணை போடும் மென்பொருள் திணறியது. சுமார் 16,900 விமானங்கள் ரத்தாயின. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

மற்ற நாடுகளில்

பணிமூப்பின் ஆட்சி எங்கும் இவ்வளவு கடுமையாக இல்லை. ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் இரவுத் தங்கல், வார இறுதி விடுப்பு, கடினமான டிரிப் ஆகியவற்றை எல்லோருக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடுகின்றன. அதற்கான மென்பொருளை எழுதிய ஸ்வீடனின் கார்மன் சிஸ்டம்ஸை 2006இல் போயிங்கின் ஜெப்பசன் வாங்கியது. ரயன்ஏர் விமானிகளுக்கு ஐந்து நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு என்ற நிலையான சுழற்சி. எமிரேட்ஸ் கேபின் பணியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, முன்னுரிமை குழுக்களிடையே மாதந்தோறும் சுழலும்படி வைத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒரு நல்ல மாதம் வரும்.

இந்தியாவில் பணி அட்டவணையை வகுப்பது பெரும்பாலும் நிறுவனமே. விருப்பம் தெரிவிக்கும் வசதி இருக்கும் இடங்களிலும் அமெரிக்க ஒப்பந்தங்களின் அளவுக்கு அதற்கு வலு இல்லை. வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைக்கும் புதிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. விதிகளில் சிலவற்றிலிருந்து அதற்குத் தற்காலிக விலக்கும் தரப்பட்டது. அந்த விதிகள் விமானி எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. அந்த ஓய்வு எந்த நாளில் வர வேண்டும் என்பதில் அவருக்கு எவ்வளவு சொல்லுரிமை என்பது ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டிய விஷயம். இந்திய விமானிகள் அதை இன்னும் எழுதி வாங்கவில்லை.